ஐம்பது ஆண்டுகளாக ஒரே கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் ஃபிராங்க் நபாரோ

மின் நிலையத்தின் உயர் அழுத்த நீராவிக் குழாய் சுமார் 540 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேலை செய்கிறது. 1,00,000 மணி நேரம், அதாவது 11 ஆண்டுகளுக்கும் மேல், அது ஓடியாக வேண்டும். அந்தக் காலம் முழுவதிலும் 1 சதவீதத்துக்கு மேல் அது பருத்துவிடக் கூடாது. பருக்கும் வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு வருகிறது. எந்தக் கண்ணும் பார்க்க முடியாத இந்த அசைவுக்குப் பொறியாளர்கள் கிரீப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உடைக்கும் அளவுக்குச் சுமை இல்லாதபோதும், வெப்பத்தில் நெடுங்காலம் இழுபடும் உலோகம் மெல்ல மெல்ல நீள்கிறது.

தென்னாப்பிரிக்காவின் முபுமலங்கா மாகாணத்து நிலக்கரிப் பகுதியில் இருக்கும் மின் நிலையங்கள் பலவும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. க்ரீல், மட்லா, டூவா போன்ற நிலையங்களின் குழாய்களைப் பழுதுபார்ப்பு நிறுத்தத்தின்போது அளக்கப் போகிறவர்களில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவிலிருந்தும் டர்பனிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பத்தவர்கள் கணிசமாக உண்டு. நானும் அந்த வேலையில் இருப்பவன். வார இறுதியில் லெனேசியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் சிறு வகுப்பையும் நடத்துகிறேன். அங்கே அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "இந்தக் கணக்கை முதலில் போட்டது யார்?" அதற்கு ஒரே ஒரு பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. ஆனால் தவிர்க்க முடியாத பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் எங்கள் நகரத்திலேயே, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில், அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்து உழைத்தவர். அவர் பேராசிரியர் ஃபிராங்க் நபாரோ.

இக்கட்டுரை அவருடைய ஆய்வு வாழ்வை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்து ஆராய்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நபாரோவின் பெருமை அவர் பெயரைத் தாங்கிய இரண்டு சூத்திரங்களோடு முடிந்துவிடுவதில்லை. தான் இளமையில் தந்த விடைகளை அவர் முதுமை வரை திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே இருந்தார். பொருளியற்பியலில், அதாவது பொருள்களின் இயற்பியலில், இது அரிய குணம்.

பிரிஸ்டல்: உலோகம் ஏன் இவ்வளவு வலுக்குறைவாக இருக்கிறது?

நபாரோ 1916 மார்ச் 7 அன்று லண்டனில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு பிரிஸ்டலில் நெவில் மாட் என்ற இயற்பியலாளரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். திடப்பொருளின் இயற்பியல் ஒரு தனித்துறையாக உருவாகிக்கொண்டிருந்த காலம் அது.

அன்று எல்லோரையும் குடைந்த புதிர் இதுதான். ஒரு படிகத்தில் ஓர் அணு அடுக்கை அடுத்த அடுக்கின் மேல் ஒட்டுமொத்தமாக நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்பதை ஃப்ரெங்கல் 1926இல் மதிப்பிட்டார். செம்புக்கு அந்தக் கணக்கு சுமார் 7,000 மெகாபாஸ்கல், அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 7,000 நியூட்டன் விசை, என்று காட்டுகிறது. சோதனைச்சாலையில் தூய செம்புப் படிகமோ 1 மெகாபாஸ்கல் அளவிலேயே வழுக்கத் தொடங்கிவிடுகிறது. கணக்குக்கும் உண்மைக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு இருந்தது.

1934இல் டெய்லர், ஓரோவான், பொலான்யி ஆகிய மூவரும் தனித்தனியாக ஒரே விடையை முன்வைத்தார்கள். அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. அணு வரிசையில் கோடு போன்ற ஒரு குறை இருக்கிறது, அந்தக் குறை மட்டும் நகர்ந்து செல்கிறது. விரித்த ஜமுக்காளத்தை ஒரே இழுப்பில் நகர்த்துவது கடினம். ஓரத்தில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் முழு ஜமுக்காளமும் நகர்ந்துவிடும். படிகத்துக்குள் இருக்கும் அந்தச் சுருக்கத்துக்குத்தான் டிஸ்லொகேஷன் என்று பெயர்.

இப்போது அடுத்த கேள்வி எழுகிறது. அந்தச் சுருக்கத்தையே தள்ள எவ்வளவு விசை வேண்டும்? ஓரோவான் இந்தக் கேள்வியைப் பியர்ல்ஸிடம் கொடுத்தார். பியர்ல்ஸ் 1940இல் ஒரு கணக்கை வெளியிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். 1947இல் நபாரோ அதை மறுபடி எடுத்து, வரிவரியாகச் சரிபார்த்து விரிவாக்கினார். அப்போது பியர்ல்ஸின் அடுக்குக்குறியில் 2 என்ற காரணி தவறாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்.

காரணி 2 என்றால் அற்பமாகத் தோன்றும். இங்கே அது அடுக்குக்குறியில் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. இயற்கை மடக்கையின் அடிமானத்தை (சுமார் 2.718) 10 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 22,000 வரும். அடுக்குக்குறி 10க்குப் பதில் 20 என்றானால் விடையே 22,000 மடங்கு மாறிவிடும். அதாவது ஒரு படிகம் சுலபமாக வளையுமா, கண்ணாடிபோல் நொறுங்குமா என்பதே மாறிப்போகும். வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது மாணவர்களைக் கணிப்பானை எடுத்துத் தாங்களே போட்டுப் பார்க்கச் சொல்வேன். அடுக்குக்குறியின் ஆற்றலை உணர்த்த இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த விசை இன்று பியர்ல்ஸ்-நபாரோ விசை என்று வழங்குகிறது. அதன் பெருமை ஓரோவானுக்கே சேர வேண்டும் என்று பியர்ல்ஸ் பின்னாளில் சொன்னார். 1955இல் ஹண்டிங்டன் அந்த மாதிரியில் மேலும் திருத்தம் செய்தார். நபாரோவும் அதை விட்டுவிடவில்லை. இந்த ஒரே விசையைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் என்னவெல்லாம் புரிந்தது, எது புரியவில்லை என்று அவரே எழுதிய நெடிய மதிப்பீடு 1997இல் அச்சில் வந்தது. அப்போது அவருக்கு வயது 81.

இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் இராணுவத்தின் செயல்பாட்டு ஆய்வுக் குழுவில் நபாரோ பணியாற்றினார். அக்குழுவின் தலைவராக இருந்த பேசில் ஷோன்லண்ட் தென்னாப்பிரிக்கர், மின்னலை ஆராய்ந்தவர், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய தொடர்புடையவர்.

காலியிடங்களின் ஓட்டம்

நபாரோவின் பெயர் குழாய் அளப்பவர்களின் பாடப்புத்தகத்துக்குள் நுழைந்த இடம் இது. 1947இல் பிரிஸ்டலில் திடப்பொருள்களின் வலிமை குறித்து ஒரு மாநாடு நடந்தது. அதன் தொகுப்பு 1948இல் வெளியானது. அதில் நபாரோ ஒரு புதிய வழிமுறையை எழுதினார். டிஸ்லொகேஷன் ஒன்றுகூட நகராவிட்டாலும் ஒரு திடப்பொருள் சுமையின் கீழ் உருமாற முடியும் என்பதே அதன் சாரம்.

எப்படி என்று பார்ப்போம். பொறியியல் உலோகம் எதுவும் ஒரே படிகமாக இருப்பதில்லை. கோடிக்கணக்கான சிறு படிகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொரு துகளுக்குள்ளும் அங்கங்கே ஓர் அணு இல்லாத காலியிடங்கள் உண்டு. வெப்பம் ஏற ஏற அவை பெருகும். உருகுநிலையை நெருங்கும்போது ஏறத்தாழ 10,000 அணு இடங்களுக்கு ஒன்று காலியாக இருக்கும்.

இப்போது அந்த உலோகத்தை ஒரு திசையில் இழுங்கள். இழுவிசைக்குச் செங்குத்தாக நிற்கும் துகள் எல்லையில் ஒரு புதிய காலியிடத்தை உண்டாக்குவது எளிதாகிறது. ஏனென்றால் அங்கிருந்து வெளியேறும் அணு எல்லையில் போய் ஒட்டிக்கொள்கிறது. துகள் அந்தத் திசையில் ஓர் அணு அளவு நீள்கிறது. வெளிச்சுமை அந்த நீட்சியில் வேலை செய்து ஆற்றல் செலவைக் குறைத்துவிடுகிறது. பக்கவாட்டு எல்லைகளில் இந்தச் சலுகை இல்லை. ஆகவே ஒரு பக்கம் காலியிடங்கள் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் போகின்றன. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அவை விரவிச் செல்கின்றன. காலியிடம் ஒரு திசையில் போனால் அணுக்கள் எதிர்த்திசையில் வருகின்றன. பக்கங்களிலிருந்து கிளம்பிய அணுக்கள் மேலும் கீழும் போய்ச் சேர, துகள் இழுவிசைத் திசையில் நீண்டு குறுக்கே மெலிகிறது. அத்தனை துகள்களும் இப்படியே செய்வதால் குழாய் பருக்கிறது.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கானியர்ஸ் ஹெரிங் 1950இல் இதை முழுமையான கணிதமாக்கினார். அதனால் இது நபாரோ-ஹெரிங் கிரீப் எனப்படுகிறது.

இந்தக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, அது சொல்லும் இரண்டு முன்கணிப்புகள். முதலாவது, உருமாறும் வேகம் சுமைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். சுமை பாதியானால் வேகமும் பாதியாகும். இரண்டாவது, அந்த வேகம் துகளின் அளவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் மாறும். 10 மைக்ரோமீட்டர் துகள்களை 100 மைக்ரோமீட்டராகப் பெரிதாக்கினால் வேகம் 100 மடங்கு குறைந்துவிடும். சாதாரண வெப்பத்தில் சிறு துகள்கள் கொண்ட உலோகமே வலிமையானது என்று படித்து வளர்ந்த மாணவர்கள் இங்கே திகைப்பார்கள். மிகு வெப்பத்தில் நிலைமை தலைகீழாகிறது. துகள் எல்லைகள்தான் அணுக்கள் ஏறி இறங்கும் துறைகள். அவை நெருக்கமாக இருந்தால் பயணம் குறுகிவிடும்.

1963இல் கோபிள் இன்னொரு பாதையைச் சேர்த்தார். அணுக்கள் துகளின் உட்புறம் வழியாகப் போகாமல் எல்லையின் ஓரமாகவே ஓடலாம். அப்போது வேகம் துகள் அளவின் 3ஆம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் மாறும். நபாரோவும் 1967இல் திரும்ப வந்தார். துகள் எல்லை இல்லாத இடத்திலும் டிஸ்லொகேஷன்களே காலியிடங்களை உமிழ்ந்து உறிஞ்சினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்.

இந்த அறிவு போய்ச் சேர்ந்த இடங்கள் பல. பீங்கான் பொருள்களை உருவாக்குவோர் இதைப் பயன்படுத்துகிறார்கள். பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் எப்படி ஓடுகிறது என்று கணக்கிடும் புவியியலாளர்களும் பயன்படுத்துகிறார்கள். துகள் எல்லையே இல்லாமல் ஒற்றைப் படிகமாக வார்க்கப்படும் ஜெட் இயந்திரச் சுழலித் தகடுகளின் பின்னாலும் இதே தர்க்கம் இருக்கிறது: எல்லை இல்லையென்றால் எல்லை வழியே வரும் கிரீப்பும் இல்லை.

1953: மூடிய வாசல் கொண்ட ஒரு பல்கலைக்கழகம்

1949 முதல் பர்மிங்காமில் பணியாற்றிய நபாரோ, 1953இல் விட்வாட்டர்ஸ்ராண்டின் இயற்பியல் துறைத் தலைவராக ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்தார். வயது 37. உலகப் புகழ் ஏற்கனவே வந்துவிட்டிருந்தது. அந்தப் புகழோடு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ அவர் தங்கியிருக்க முடியும். அவரோ இங்கே வந்து, 2006இல் இறக்கும் வரை இந்த நகரத்திலேயே இருந்தார். திடநிலை இயற்பியலை இங்கே வேரூன்றச் செய்தார். 1967இல் படிக டிஸ்லொகேஷன் கோட்பாடு பற்றிய அவருடைய பெருநூல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவந்தது. 800 பக்கங்களுக்கு மேல். துறையில் அன்றுவரை எழுதப்பட்ட ஏறத்தாழ எல்லாவற்றையும் படித்து, நிறுத்து, தரம் பிரித்து அதில் வைத்திருக்கிறார். 1971இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1979 முதல் டிஸ்லொகேஷன்கள் பற்றிய பல தொகுதிகள் கொண்ட நூல் வரிசைக்குப் பதிப்பாசிரியராக இருந்தார். வாழ்வின் இறுதி வரை அந்தப் பணி தொடர்ந்தது. 1970களின் இறுதியில் பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார்.

தமிழ் வாசகர்களுக்காக எழுதும்போது இந்த இடத்தைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டுகளில் அவருடைய வகுப்பில் யார் உட்கார முடிந்தது?

1959இல் நிறவெறி அரசு பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. விரிவாக்கம் என்பது பெயரில் மட்டுமே. விட்வாட்டர்ஸ்ராண்டும் கேப் டவுனும் அதை வெளிப்படையாக எதிர்த்தன. எதிர்ப்பு பலிக்கவில்லை. அதன் பிறகு ஓர் இந்திய வம்சாவளி மாணவர் இந்தப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர அமைச்சரின் அனுமதி வேண்டும். இந்தியர்களுக்கென்று தனியாக 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், முன்னாள் கடற்படைக் கட்டடங்களில், ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. அதுவே 1970களில் வெஸ்ட்வில் குன்றுக்கு இடம்பெயர்ந்து டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமானது. 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகமாயிற்று.

எங்கள் தொழிலில் மூத்தவர் ஒருவரை எல்லோரும் அண்ணா என்றே அழைப்போம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர்; 1960களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்; கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர். பல்கலைக்கழகம் அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். டர்பனுக்கு அனுப்பிப் படிக்கவைக்கத் தந்தையிடம் வசதி இல்லை. பட்டறை ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் உலோகப் பரிசோதனையைத் தானாகக் கற்று, பல ஆண்டுகள் கழித்தே ஆய்வாளர் சான்றிதழ் பெற்றார். நபாரோவின் கோட்பாட்டை எனக்கு முதலில் விளக்கியவர் அவர்தான்.

"அண்ணா, நீங்கள் அவரிடம் படித்திருக்க வேண்டியவர்" என்று ஒருமுறை சொன்னேன்.

"தம்பி, அவர் எழுதியதை நான் படித்துவிட்டேன். அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்விகள்தான் என்னிடமே இருக்கின்றன" என்றார்.

இதற்கு நபாரோ பொறுப்பல்ல. பல்கலைக்கழகம் எதிர்த்தது என்பதும் உண்மை. ஆனால் தனிமனிதர் எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும், வாசலில் ஒரு சட்டம் நின்றால் அறிவு யாரிடம் போய்ச் சேரும் என்பதை அந்தச் சட்டமே தீர்மானித்துவிடுகிறது. உலகத் தரமான ஒரு பொருளியற்பியல் துறை எங்கள் நகரத்தில் இருந்தும், இரண்டு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளில் மிகச் சிலரே அதனுள் நுழைய முடிந்தது. இந்த இழப்பை எந்தப் பட்டியலும் காட்டாது. நபாரோவைப் பற்றி எழுதும் எந்தக் கட்டுரையிலும் இது இடம்பெற வேண்டும் என்று நினைக்கிறேன்.

குழாய்க்குள் கோட்பாடு

சரி, மின் நிலையக் குழாயில் உண்மையில் நடப்பது நபாரோ-ஹெரிங் கிரீப்பா? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். விடை அவ்வளவு நேரானதல்ல.

கிரீப் எப்போது கவலைக்குரியதாகும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கெல்வின் அளவில் உருகுநிலையின் 0.4 பங்கைத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும். இரும்பு உருகுவது சுமார் 1,800 கெல்வினில், குழாய் வேலை செய்வது சுமார் 813 கெல்வினில், விகிதம் 0.45. ஈயம் உருகுவது 600 கெல்வினில் என்பதால் அறை வெப்பத்திலேயே அதன் விகிதம் 0.5 ஆகிவிடுகிறது. ஆண்ட்ரேட் 1910இலேயே கிரீப்பை ஆராய ஈயக் கம்பியை எடுத்ததற்கு இது ஒரு காரணம்.

எங்கள் குழாய்களில் 12 சதவீத குரோமியம் கொண்ட எக்ஸ்20 எஃகும், 9 சதவீத குரோமியம் கொண்ட பி91 எஃகும் பரவலாக இருக்கின்றன. இவற்றைச் சோதனைச்சாலையில் அதிகச் சுமை வைத்துச் சோதித்தால், கிரீப் வேகம் சுமையின் 5ஆம் அடுக்கிலோ அதைவிட உயர்ந்த அடுக்கிலோ மாறுகிறது. இது டிஸ்லொகேஷன்கள் தடைகளைத் தாண்டி ஏறி நகர்வதால் வரும் கிரீப். நபாரோவும் ஹெரிங்கும் சொன்னது அல்ல. எஃகில் நுண்ணிய கார்பைடு வீழ்படிவுகளை, அதாவது உலோகத்துக்குள் தனியாகத் திரளும் கார்பன் சேர்மத் துணுக்குகளை, தூவிவைப்பது அந்த டிஸ்லொகேஷன்களைத் தடுத்து நிறுத்தத்தான். (வீழ்படிவுகள் உலோகத்தை எப்படிக் கடினமாக்குகின்றன என்பதையும் 1940இலேயே நெவில் மாட், நபாரோ இருவரும் சேர்ந்து கணக்கிட்டிருந்தார்கள்.)

சோதனைச்சாலைக்கு 11 ஆண்டுகள் காத்திருக்க நேரமில்லை. அதிகச் சுமையில் சில ஆயிரம் மணி நேரம் சோதித்து, அந்தக் கோட்டைக் குறைந்த சுமைக்கு நீட்டி, ஆயுளைக் கணிக்கிறார்கள். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 5ஆம் அடுக்கு விதி என்றால் சுமையைப் பாதியாக்கினால் வேகம் 32 மடங்கு குறையும். நேர் விகித விதி என்றால் 2 மடங்கு மட்டுமே குறையும். மிகக் குறைந்த சுமையில் வழிமுறையே மாறிவிட்டால், நீட்டிப் போட்ட கோடு நம்மை ஏமாற்றிவிடும். உண்மையான வேகம் நாம் நினைத்ததைவிடக் கூடுதலாக இருக்கும். செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் க்ளோக், ஸ்க்லெனிச்கா ஆகிய இருவர் இதே பி91 எஃகில் குறைந்த சுமையில் நேர் விகித நடத்தைக்கு மாற்றம் ஏற்படுவதாக 1997இல் அறிவித்தார்கள். அதற்கு நபாரோவின் வழிமுறைதான் காரணமா, வேறு வழிமுறையா என்பது தனி வாதம். குறைந்த சுமைப் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையோ 1948இன் கோட்பாட்டிலேயே இருக்கிறது.

களத்தில் நாங்கள் செய்வது எளிமையானது. குழாயின் மேல் எதிரெதிராகச் சிறு உலோகக் குமிழ்களைப் பற்றவைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மைக்ரோமீட்டரால் அவற்றுக்கிடையே உள்ள விட்டத்தை அளப்போம். 350 மில்லிமீட்டர் குழாயில் 1 சதவீதம் என்றால் 3.5 மில்லிமீட்டர். பிறகு பற்றவைப்பின் அருகே மேற்பரப்பை மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, பிளாஸ்டிக் படலத்தில் அதன் அச்சை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். துகள் எல்லைகளில் நுண்துளைகள் தனித்தனியே தெரிகின்றனவா, வரிசையாகக் கோத்திருக்கின்றனவா, வெடிப்பாக இணைந்துவிட்டனவா என்று தரம் பிரிப்போம். பி91இல் பற்றவைப்பின் வெப்பம் பட்ட மெல்லிய பட்டைதான் முதலில் தளர்கிறது. அங்கே துகள்கள் நுண்ணியவையாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம். துகள் அளவு பற்றிய அந்தப் பழைய பாடம் நுண்ணோக்கியின் கீழ் நேரில் தெரியும் இடம் இது.

தன் பெயர் தாங்கிய கோட்பாடு விசாரணைக்கு வந்தபோது

1957இல் ஹார்ப்பரும் டோர்னும் உருகுநிலையை ஒட்டிய வெப்பத்தில் அலுமினியத்தைச் சோதித்தார்கள். வேகம் சுமைக்கு நேர் விகிதத்தில் இருந்தது. நபாரோ-ஹெரிங் முன்கணிப்பு அதுதான். ஆனால் அளந்த வேகம் கோட்பாடு சொன்னதைவிடப் பல மடங்கு அதிகம். துகள் அளவையும் அது பொருட்படுத்தவில்லை. ஆக நேர் விகிதத்தைக் கண்டவுடன் நபாரோ-ஹெரிங் என்று பெயர் ஒட்டிவிட முடியாது என்று தெரிந்தது.

1990களில் கேள்வி இன்னும் கூர்மையானது. மக்னீசியத்தில் சிறிது சிர்கோனியம் கலந்த உலோகத்தில், இழுவிசைக்குச் செங்குத்தான துகள் எல்லைகளின் ஓரத்தில் வீழ்படிவுகள் இல்லாத வெறும் பட்டைகள் தெரிகின்றன. புதிதாக வந்து சேர்ந்த அணுக்கள் உண்டாக்கிய பட்டை என்று அதை விளக்கி, விரவல் கிரீப்புக்கு, அதாவது அணுக்கள் விரவிச் செல்வதால் வரும் கிரீப்புக்கு, நேரடிச் சான்றாக 1960களிலிருந்து காட்டிவந்தார்கள். ருவானோ, ஷெர்பி, வாட்ஸ்வொர்த், வூல்ஃபென்ஸ்டைன் ஆகியோர் அந்தச் சான்றையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். பட்டை வேறு காரணங்களாலும் தோன்றலாம். விரவல் கிரீப் என்று சொல்லப்படும் பலவும் உண்மையில் டிஸ்லொகேஷன் வேலையாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

நபாரோவுக்கு அப்போது 80 வயதைத் தாண்டியிருந்தது. வாழ்நாள் புகழின் அடித்தளமே ஆட்டம் காணும்போது ஒருவர் மௌனமாக ஒதுங்கலாம், கோபப்படலாம். அவர் எழுதினார். மிகக் குறைந்த வேகங்களில் நிகழும் கிரீப் குறித்து 2002இல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலுக்குள் நேராகப் போகிறது. 2004இல், 88 வயதில், அதைவிடத் துணிவான ஒன்றைச் செய்தார். அடுக்கு விதிக் கிரீப்புக்கு, அதாவது டிஸ்லொகேஷன்களால் வரும் கிரீப்புக்கு, ஏற்கத்தக்க ஒரு மாதிரி நம்மிடம் இருக்கிறதா என்பதையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். எளிய கோட்பாடு வேகம் சுமையின் 3ஆம் அடுக்கில் மாறும் என்கிறது. தூய உலோகங்களின் அளவீடுகளோ 5ஐ ஒட்டி நிற்கின்றன. அந்த இடைவெளியை மறைக்காமல் மேசையின் நடுவில் வைத்த கட்டுரை அது. அரை நூற்றாண்டு ஒரு துறையைக் கட்டியவரே அதன் அடிப்படையில் உள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். இந்த ஒரு கட்டுரைக்காகவே அவரை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

பிற்கால வேலைகள்

ஓய்வுக்குப் பின் பல்கலைக்கழகத்திலும் தென்னாப்பிரிக்காவின் சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனத்திலும் அவர் தொடர்ந்து உழைத்தார். 1995இல் டி வில்லியர்ஸுடன் சேர்ந்து கிரீப்பின் இயற்பியல் பற்றி நூல் எழுதினார். மிகு வெப்பத்தைத் தாங்கும் நிக்கல் சூப்பர் உலோகக்கலவைகளில் அரை மைக்ரோமீட்டர் அளவுள்ள கனசதுர வீழ்படிவுகள், சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இழுவிசைக்கு உட்படும்போது தட்டையான பலகைகளாக ஒன்றிணைகின்றன. எந்தத் திசையில் இணையும், அதை உந்துவது எது என்பதை 1990களில் அவர் ஆராய்ந்தார். இரண்டு பகுதிகளின் அணு இடைவெளி சற்றுப் பொருந்தாமல் இருப்பதும், அவற்றின் மீள்தன்மை வேறுபடுவதும் அதில் பங்கு வகிக்கின்றன.

ஜோகன்னஸ்பர்க்குக்கே உரிய இன்னொரு வேலையும் உண்டு. தங்கச் சுரங்கத்தின் துளைமுனைகள் டங்ஸ்டன் கார்பைடையும் கோபால்ட்டையும் கலந்து செய்யப்படுகின்றன. நொறுங்கும் என்று எல்லோரும் நினைக்கும் டங்ஸ்டன் கார்பைடும் அழுத்தத்தில் வழுக்கி உருமாறுகிறது. அந்த வழுக்கலைப் பற்றிச் சில்வானா லைக்ஸ், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தின் உமேஷ் வாக்மரே ஆகியோருடன் நபாரோ எழுதிய இரண்டு கட்டுரைகள் 2008இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, வெளியாகின. ஒன்று சோதனை, மற்றொன்று குவாண்டம் கணக்கு. 1947இல் காகிதத்தில் பியர்ல்ஸின் பிழையைத் திருத்தியவரின் கேள்வி, கணினியில் அணு அணுவாகக் கணக்கிடும் காலம் வரை வந்து சேர்ந்தது.

2006 ஜூலை 20 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் அவர் காலமானார்; வயது 90. வலிமையான பொருள்களுக்கான தேசிய உயராய்வு மையம் 2004இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தொடங்கப்பட்டது. கார்பைடுகள், மிகு வெப்ப உலோகக்கலவைகள், பீங்கான்கள் ஆகியவற்றில் ஆய்வுகள் அங்கே தொடர்கின்றன. லெனேசியாவிலிருந்து இன்று அங்கே போய்ப் படிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பொருளியற்பியல் படிக்க விரும்பும் மாணவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், அந்த 800 பக்க நூலை நான் முதலில் கையில் கொடுப்பதில்லை. பியர்ல்ஸ்-நபாரோ விசை பற்றிய அவருடைய 1997 மதிப்பீட்டைத்தான் கொடுக்கிறேன். அதைப் படித்தவர்களிடம் அடுத்ததாக 2004 கட்டுரையைத் தந்து, 3க்கும் 5க்கும் இடையே உள்ள அந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்கிறேன். அந்தப் பக்கங்களைத் திருத்துபவர் அண்ணா. ஓரங்களில் பென்சிலால் அவர் எழுதும் கேள்விகள் மாணவர்கள் எழுதியதைவிட நீளமாக இருக்கின்றன.